பெரியகுளமா, முதலிக்குளமா, கந்தளாயா, கங்கையா: திருகோணமலையிலிருந்து தூண்டிலோடு எங்கே போவது?

மச்சான் கட்டாரிலிருந்து லீவில் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் மருமகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். தூண்டில் போட வேண்டுமாம், அதுவும் குளத்தில்தான் போட வேண்டுமாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரிகிற ஊரில் வளர்ந்த பொடியனுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசிக்க ஒன்றும் இல்லை, எல்லாம் யூடியூப். பின்னேரம் உட்துறைமுக வீதிப் பக்கம் போய் நின்றால் கைத்தூண்டிலிலேயே மீன் பிடிக்கலாம் என்று ஆசை காட்டிப் பார்த்தேன். "எனக்கு விரால் வேணும் மாமா" என்று பேச்சை முடித்துவிட்டான்.

"நீதானே மச்சான் முந்தி ஞாயிறு ஞாயிறாய்க் குளம் வழிய திரிஞ்சனி. நல்ல இடமாய் ஒண்டைச் சொல்லு" என்றார் மச்சான். ஒன்றைச் சொல்வதுதான் கஷ்டம். டவுனிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய நன்னீர் இடங்கள் நாலைந்து இருக்கின்றன. எல்லாவற்றிலும் மீன் இருக்கிறது. ஆனால் ஒன்றில் மாசியில் கிடைப்பது ஆவணியில் கிடைக்காது, இன்னொன்றில் ஆவணியில்தான் கிடைக்கும். அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். டவுனில் இருந்துகொண்டு இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் தங்கச்சி போட்ட நிபந்தனைகள். விடியமுதல் வெளிக்கிடக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்க வேண்டும். பிள்ளை தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. அவள் பயத்தில் சொன்னாள். எனக்கென்றால், கணக்குப் போட்டுப் பார்த்தபோது முழு முடிவும் இந்த மூன்றுக்குள்ளேயே கிடந்தது.

கணக்கு இதுதான். எங்கள் பக்கத்து வெயிலில் குளத்து மீன் நன்றாக இரை எடுப்பது விடியற்காலையிலிருந்து எட்டரை மணி வரை. அதற்குப் பிறகு கரையோரத் தண்ணீர் சூடேறும், மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். இப்போது ஆடி மாதம், கச்சான் காற்று வேறு. ஒன்பது மணிக்கு மேல் தக்கை துள்ளுவது மீனாலா அலையாலா என்று தெரியாது. பின்னேரமும் நல்ல நேரம்தான், நாலரையிலிருந்து இருட்டும் வரை. ஆனால் யானை குளத்துக்கு இறங்குவதும் அதே நேரத்தில். கந்தளாய் வீதியிலும் அநுராதபுரம் வீதியிலும் இருட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆக, வெளிச்சம் வந்த பிறகு, ஐந்தே முக்காலுக்கு வெளிக்கிட்டால் பெரியகுளத்துக்கு ஆறேகாலுக்குள் போய்விடலாம், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தூண்டில் போடலாம். கந்தளாய்க்கு நாற்பது கிலோமீற்றர். போய்ச் சேர்ந்து, கட்டோரம் நடந்து, இடம் பிடித்து, இரை கொளுவும்போது ஏழு பத்தாகிவிடும். மிச்சம் இருப்பது ஒரு மணி இருபது நிமிடம். எரிபொருள் செலவை விடுங்கள், நல்ல நேரத்தில் பாதி றோட்டிலேயே போய்விடுகிறது.

இந்தக் கணக்கு இல்லாமல் இருந்தால் நானும் எல்லாரையும் போலக் கந்தளாய் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பெரியகுளத்திலிருந்து தொடங்குவோம். அநுராதபுரம் வீதியில் கன்னியாப் பக்கமாகப் போய் வடக்கே திரும்ப வேண்டும். டவுனிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். கன்னியா என்றவுடன் மருமகன் "அங்கேயும் தண்ணி இருக்கே" என்றான். அது ஏழு வெந்நீர்க் கிணறு, குளிக்கிற இடம், மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரியகுளத்துக்குப் பக்கத்தில்தான் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி, தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்த இடம். எங்கள் ஆட்கள் நாதனார் கோவில் என்பார்கள். போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் மீன் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். குளத்திலும் விகாரைப் பக்கத்தை விட்டுத் தள்ளி நிற்பதுதான் மரியாதை.

குளம் பெரிதில்லை, பெயரில்தான் பெரியது. கரையோரம் தாமரையும் அல்லியும் புல்லும் அடர்ந்து கிடக்கும். பெரிய றீல் வைத்து தூரத்துக்கு எறிபவர்களுக்கு இது எரிச்சல் பிடித்த இடம், ஒவ்வொரு எறிக்கும் ஒரு தாமரைத்தண்டைப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். விராலுக்கு அதுதான் வீடு. விரால் வெறும் செவுளால் மட்டும் மூச்சுவிடுகிற மீன் இல்லை, அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்க வேண்டும். காலை காற்றில்லாத நேரத்தில் பேசாமல் பத்து நிமிடம் நின்றால், இலைகளுக்கு நடுவில் "ளொப்" என்று ஒரு சத்தம் கேட்கும், வட்டம் ஒன்று விரியும். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி. அந்த இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் இரையை இறக்கினால் போதும். மருமகன் ஒன்லைனில் வாங்கிய ரப்பர்த் தவளையைப் பார்த்து நான் சிரித்தேன், ஆனால் இந்த இடத்துக்கு அது பொருத்தம்தான். ஊசி முனை மேலே ரப்பருக்குள் பதிந்திருப்பதால் இலையில் மாட்டாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழைக்குப் பிறகு சில இடங்களில் தண்ணீர் மேல்மட்டத்தில் செந்நிறமாய், கொதிக்கிற மாதிரி ஒரு திட்டு அசையும். அது விரால் குஞ்சுக் கூட்டம். தாய் மீனும் தகப்பன் மீனும் கீழே காவல் நிற்கும். அந்தத் திட்டுக்குள் எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும், பசியில் இல்லை, குஞ்சைக் காக்க. யூடியூப்பில் இதை ஒரு வித்தை மாதிரிக் காட்டுகிறார்கள். அந்த மீனைப் பிடித்தால் அன்றைக்கே குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரை. பக்கத்துக் குளத்தில் ஒவ்வொரு வாரமும் மீன் பிடிக்க ஆசைப்படுகிறவன் அதைச் செய்யமாட்டான்.

திலாப்பியாவும் இங்கே உண்டு, சிறிதுதான், கையளவு. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து குளங்களில் விட்ட மீன், இன்று நாட்டில் அது இல்லாத குளத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரியகுளத்தில் வழக்கமாய் வருகிற ஒரு ஐயாவிடம்தான் நான் இரை பிசையக் கற்றுக்கொண்டேன். பாணை நனைத்துப் பிழிந்து, கொஞ்சம் கோதுமை மா போட்டுப் பிசைவது எல்லாரும் செய்வது. அவர் அதற்குள் மருந்துக்கடைப் பஞ்சை நூல் நூலாய்ப் பிய்த்துச் சேர்ப்பார். ஊசியில் குத்தி உருட்டினால், சின்னக் கெண்டைகள் எத்தனை தரம் கொத்தினாலும் இரை கழன்று போகாது. கம்பு வெறும் மூங்கில், தக்கை ஒரு செருப்புத் துண்டு, தங்கூசி நூலின் நீளம் கம்பின் நீளமேதான். நான் றீலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ஏழு மீன் எடுத்தார். எண்ணினேன்.

குறை என்னவென்றால் இந்தக் குளத்துக்கு ஆயுள் குறைவு. சிறுபோக நெல்லுக்குத் துருசை, அதாவது குளத்து மதகைத் திறந்தால் ஆவணி முடிவில் தண்ணீர் உள்வாங்கிவிடும், கரை வெடித்த சேறாகிவிடும். தண்ணீர் விளிம்புக்குப் போக முழங்கால் புதையும். காட்டோரக் குளம் என்பதால் இங்கேயும் யானை வருவதுண்டு. பழைய லத்தி, புது லத்தி வித்தியாசம் தெரியாதவர்கள், கரையில் ஊர்க்காரர் யாரும் நிற்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது முதலிக்குளம், மொறவெவ என்றால் பஸ்காரருக்கு உடனே விளங்கும். அநுராதபுரம் வீதியிலேயே இன்னும் மேற்கே, பன்குளம் தாண்டி. பெரியகுளத்தை விட நல்ல பெரிய நீர்ப்பரப்பு, கரை திறந்த கரை, நின்று எறிய வசதி. மீனும் பெரிது, திலாப்பியா, இடையிடையே கட்லா, றோகு. இந்த இந்தியக் கெண்டை வகைகள் எங்கள் குளங்களில் தாமாகப் பெருகுவதில்லை. குஞ்சு கொண்டுவந்து விட்டால்தான் உண்டு. நன்னீர் மீன்பிடிச் சங்கங்கள் அப்படி விட்டு வளர்க்கிற குளத்தில் நாம் போய் ஐந்து கிலோ கட்லாவைத் தூக்கினால் அவர்கள் முகம் கறுக்கத்தான் செய்யும். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை 1999இல் வேலை தொடங்கிய பிறகுதான் இந்தக் குஞ்சு விடுகிற வேலை ஒழுங்காக நடக்கிறது. அதற்கு முந்தி, 1990இலிருந்து 1994 வரை அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவையே நிறுத்தி வைத்திருந்தது. ஆக, கரையில் நிற்கிற சங்கக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். தமிழ், சிங்களம் எதில் கேட்டாலும் சரி, சிரித்துக்கொண்டு கேளுங்கள். ஒரு தூண்டிலுக்கு யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. இடத்தையே காட்டிவிடுவார்கள். வலை என்றால் கதை வேறு, அனுமதிப்பத்திரம் வேண்டும். வெடியும் நஞ்சும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படியே குற்றம்.

முதலிக்குளம் எனக்குப் பிடிக்கும். ஆனால் மருமகனோடு போகமாட்டேன். ஒரு முறை நானும் கூட்டாளியும் போய், ஆறரைக்கு நல்ல வெளிச்சத்தில், றோட்டோரம் ஒரு ஒற்றைக் கொம்பன் நின்றதால் நாற்பது நிமிடம் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் ஒரு லொறி, அதற்குப் பின்னால் பால்காரர். யாரும் ஹோன் அடிக்கவில்லை, அதுவே எங்கள் அதிர்ஷ்டம். யானை தன்பாட்டுக்கு மரக்கொப்பை முறித்துத் தின்றுவிட்டு, எங்களைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போனது. அன்றைக்குக் குளத்தில் கிடைத்தது மூன்று மீன். தூரத்துக்கும் ஆபத்துக்கும் ஏற்ற மாதிரி மீன் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், இது பெரியகுளத்துக்கும் கந்தளாய்க்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற இடம்.

கந்தளாய்தான் பெரிய கதை. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டியது என்று சொல்லப்படுகிற குளம். அணைக்கட்டு நாலு கிலோமீற்றருக்கு மேல் நீளம், ஐம்பது அடி உயரம். எலஹெரவிலிருந்து மின்னேரியா வழியாக வருகிற கால்வாய்த் தண்ணீரும் இதில்தான் சேர்கிறது, அதனால் பக்கத்துச் சின்னக் குளங்கள் காயும்போதும் இது முற்றாகக் காய்வதில்லை. டவுனில் எங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரும் இங்கிருந்து வருவதுதான். இரை கொண்டுபோன பொலித்தீன் பையைக் கரையில் எறிகிறவர்கள் இதை ஒரு தரம் நினைத்துப் பார்க்கலாம்.

1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியப்புறம் மூன்று மணிக்கு இந்தக் கட்டு உடைந்தது. நூற்றியிருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள், ஆயிரத்துக்கு மேல் வீடுகள். கந்தளாயில் அறுபது வயதுக்காரர் யாரோடு கதைத்தாலும் ஐந்து நிமிடத்தில் அந்த இரவு வந்துவிடும். மறுபடி கட்டிய கட்டு இது. அதனால் கட்டின் கல்லைப் பெயர்த்து ஆசனம் போடுவது, கம்பு நட்டக் குழி தோண்டுவது எல்லாம் அங்கே வேண்டாம். துருசுக்கும் வான்கதவுக்கும் கிட்டப் போகவே வேண்டாம், விடவும் மாட்டார்கள்.

சாதாரண நாளில் கந்தளாய் தூண்டில்காரனுக்கு இரக்கம் காட்டாத குளம். தண்ணீர் நிறைந்து கிடக்கும் மாசி, பங்குனியில் மீன் எங்கே நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவ்வளவு பரப்பு. வள்ளத்தில் போய் முதல்நாள் பின்னேரம் வலை விட்டு, விடிய எடுத்து வருகிறவர்களுக்கு அது பிரச்சினை இல்லை. கரையில் நிற்கிறவன் பாடு திண்டாட்டம். கச்சான் காலத்தில் காற்று குளத்தின் முழு அகலத்தையும் கடந்து வந்து அலையைக் கட்டோடு அடிக்கும், தூண்டில் இரண்டு நிமிடத்தில் காலடிக்கே திரும்பி வந்துவிடும்.

ஆவணி, புரட்டாதி வந்தால் எல்லாம் மாறும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் போய்ப் போய்க் குளம் சுருங்கும். அப்போது கட்டை விட்டுவிட்டு மறுபக்கத்துத் தாழ்ந்த கரைக்குப் போக வேண்டும். காய்ந்த தரையில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் வட்டம் வட்டமாய்க் குழிகள் தெரியும், ஒன்றையொன்று ஒட்டி, யாரோ அளந்து வைத்தது மாதிரி. ஆண் திலாப்பியா தோண்டிய கூடுகள் அவை. பெண் மீன் அதில் முட்டை இட்டு, பிறகு முட்டையை வாய்க்குள் அள்ளிக்கொண்டு போய் அங்கேயே வைத்துப் பொரிக்கும். காய்ந்த குழிகள் எங்கே முடிந்து தண்ணீர் தொடங்குகிறதோ அங்கிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள் தண்ணீருக்கு அடியிலும் அதே குழிகள் தொடரும், மீனோடு. வெயில் சாய்வாய் விழும்போது உற்றுப் பார்த்தால் குழிக்குழி தெரியும். அங்கே போட்டால் ஒரு மணித்தியாலத்தில் மீன் போடுகிற ரெஜிபோம் பெட்டி நிறைந்துவிடும். நான் பொய் சொல்லவில்லை, பெட்டி சின்னதுதான்.

ஆனால் தண்ணீர் சுருங்கினால் மீன் மட்டும் ஒன்றுசேர்வதில்லை. முதலையும்தான். எங்கள் குளங்களில் இருப்பது சேற்று முதலை, பகலில் கரையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும், மனிதரைக் கண்டால் பெரும்பாலும் தண்ணீருக்குள் சறுக்கிவிடும். பார்த்த முதலையால் பிரச்சினை குறைவு. விளிம்பிலிருந்து நாலு ஆள் நீளம் தள்ளி நில்லுங்கள். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் குந்தியிருக்காதீர்கள். மீனைக் கரையில் வெட்டிக் குடலைத் தண்ணீரில் எறிவது மட்டும் வேண்டவே வேண்டாம், அது முதலைக்கு விருந்துக்கு அழைப்பு வைக்கிற வேலை. மாட்டின மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீருக்குள் விட்டு வைக்கிற பழக்கமும் அப்படித்தான்.

நேரக் கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது: முதல்நாளே போய்க் கந்தளாயில் தங்குவது. மச்சானின் பெரியம்மா வீடு அங்கே இருக்கிறது, இவர் வந்ததிலிருந்து ஒரு தரமும் போகவில்லை என்று மனுசி கோபத்தில் இருக்கிறாராம். ஒரு கல்லில் இரண்டு மாங்காய். கையில் ஒன்றும் அகப்படாவிட்டாலும், ஏழு மணிக்கு வள்ளங்கள் கரைக்கு வரும்போது நின்றால் துடிக்கத் துடிக்க மீன் வாங்கலாம். அதை நான் பிடித்த மீனென்று வீட்டில் காட்டிய காலமும் உண்டு.

தம்பலகாமத்து வாய்க்கால்களை ஒரு பந்தியில் முடித்துவிடுகிறேன். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்வெளி, கந்தளாய்க்குப் போகிற பாதி வழியில். விரால், குரவை, பனையேறி எல்லாம் வாய்க்காலிலும் மடுக்களிலும் கிடக்கும். ஊர்ப்பிள்ளைகள் கரப்பும் அத்தாங்கும் வைத்துப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே பெரிய பொழுதுபோக்கு. ஆனால் வயலுக்கு மருந்தடித்த வாரம் அந்த மீனை நான் சாப்பிடமாட்டேன். காலில் கீறலோடு அந்தத் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் பயம். இன்னொன்று சுங்கான் மீன். கறுத்து, மீசை வைத்து, அப்பாவி மாதிரி இருக்கும். ஊசியைக் கழற்றப் போய் அதன் பக்கத்து முள் என் பெருவிரலில் ஏறியது. மணி பார்த்தேன், ஒன்பது. பதினொன்றரைக்குத்தான் கை என் கையானது. தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் விரலை வைத்திருந்தால் வலி குறையும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவது அதற்கு மேல் வீக்கம் ஏறினால். குறடு இல்லாமல் வாய்க்காலுக்குப் போகாதீர்கள்.

கடைசியாகக் கங்கை, எங்களுக்குக் கங்கை என்றால் மகாவலிதான். அது முந்நூற்று முப்பத்தைந்து கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக்குடாவில் விழுகிற இடம் எங்கள் வாசலில். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, அடுத்தடுத்து மூதூர் வீதிப் பாலங்களும் வந்த பிறகு, படகுத்துறையில் காவல் நின்ற காலம் மறந்தே போய்விட்டது. கங்கைப் பாலத்தில் நின்று பார்த்தால் அகலமும் நிறமும் ஆளை இழுக்கும். மச்சான் முதலில் கேட்டதும் இதைத்தான்: "ஆறு இருக்கேக்க குளம் ஏன்?"

காரணம் உப்பு. பாலத்தடியில் இருப்பது முகத்துவாரத் தண்ணீர். வாடைக்காலத்தில், வெள்ளம் இறங்கும்போது நன்னீர். ஆடி, ஆவணியில் ஆறு மெலியும்போது கடல் உள்ளே ஏறிவிடும். கொடுவாவும் மணலையும் அகப்படும், நல்ல மீன்தான், ஆனால் மருமகன் கேட்ட விரால் அங்கே இல்லை. நன்னீர் வேண்டுமென்றால் கிளிவெட்டி, அல்லைப் பக்கம் மேலே போக வேண்டும், அல்லது மகாவலியின் மற்றக் கிளையான வெருகல் ஆற்றுக்கு. அதற்குள் ஒன்றரை மணித்தியாலம் போய்விடும், தங்கச்சியின் சாப்பாட்டு நேரமும் போய்விடும். அதைவிட, ஆற்றுக் கழிமுகத்து முதலை குளத்து முதலை மாதிரி இல்லை. உவர்நீர் முதலை இனம், உடம்பும் பெரிது, மனிதரைக் கண்டு ஒதுங்கிப் போகும் என்று நம்ப முடியாது. கலங்கல் தண்ணீர், செங்குத்தான கரை, காலடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு நான் அங்கே நிற்கமாட்டேன். பெரியவர்கள், கடல் மீன் பிடிக்கத் தெரிந்தவர்கள், பாலத்துக்குப் பக்கத்தில் ஆட்கள் நிற்கிற இடத்தில் நின்று போடுவது அவரவர் விருப்பம்.

வடக்கே யான் ஓயா இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. புல்மோட்டைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது "வீட்டுக்குப் பக்கத்தில்". எங்களுக்கு இல்லை.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை எந்தக் குளமும் வேண்டாம். தண்ணீர் கலங்கி மீன் இரையைக் காணாது, பாதை சேறு. குளம் நிரம்பி வழிந்து வான் பாயும்போது மீன் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும், ஊரே வலையோடு வானடியில் நிற்கும், பார்க்க நல்ல கூத்து. அந்த இழுவையில் கால் வழுக்கினால் தூக்க ஆள் வராது. தூரத்தில் நின்று பாருங்கள்.

சரி, முடிவு. மச்சானுக்கு ஐந்து ஞாயிறு இருக்கிறது, ஆவணி நடுவில் திரும்ப வேண்டும். முதல் நாலும் பெரியகுளம் என்றேன். கடைசி ஞாயிறு, குளம் வற்றத் தொடங்கியிருக்கும், சனிக்கிழமையே போய்ப் பெரியம்மா வீட்டில் தங்கிக் கந்தளாய். முதலிக்குளத்தை அடுத்த லீவுக்கு வைத்துக்கொள்ளலாம், அப்போது மருமகனுக்கு மீசை முளைத்திருக்கும். நாலு ஞாயிறு ஒரே குளமா என்று மச்சான் முகத்தைச் சுளித்தார். ஒரே குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் எந்தத் தாமரைத் திட்டுக்குள் எது நிற்கிறது என்று தெரியவரும் என்றேன். அது பாதிதான் உண்மை. அந்த ஐயா இன்னும் வருகிறாரா என்று பார்க்க எனக்கும் ஆசை.

போன ஞாயிறு முதல் தரம் போனோம். ஐயா வரவில்லை, அவருடைய இடத்தில் ஒரு கொக்கு நின்றது. ரப்பர்த் தவளையை மருமகன் ஐம்பது தரமாவது எறிந்திருப்பான். இரண்டு தரம் இலைக்குள் தண்ணீர் வெடித்தது, இரண்டு தரமும் பதற்றத்தில் முந்தி இழுத்துவிட்டான். எட்டு மணிக்கு அலுத்துப்போய் மூங்கில் கம்பை வாங்கிப் பாண் இரையில் ஒரு திலாப்பியா எடுத்தான், சரியாய் அவனுடைய கையளவு. அதைப் பெட்டியில் வைத்து, வீடு வரும் வரை மூன்று தரம் திறந்து பார்த்தான். தங்கச்சி சேற்று வாடை போக உப்பும் தேசிக்காய்ப்புளியும் போட்டு இரண்டு தரம் அலசி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்தாள். ஒரு மீனை ஐந்து பேருக்குப் பிரித்தோம். எனக்கு வால் பக்கம் கிடைத்தது.

சாப்பிட்டு முடித்த பிறகு மருமகன் கேட்டான், "மாமா, அந்தப் பஞ்சு எந்தக் கடையில வாங்கிறது?"